பாஸ்கலின் புல்லட்டுக்குப் பச்சைப் புள்ளி

சேக்காடு, ஆவடி மற்றும் சுற்றுவட்டாரப் பெருமக்கள் அனைவருக்கும் இதனால் தெரிவிப்பது யாதெனில்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு மே மாதம் முப்பத்தொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணியளவில், இரண்டாவது குறுக்குத் தெரு பன்னிரண்டாம் எண் வீட்டின் முன்வாசலில், திருவாளர் பாஸ்கல் அவர்களுக்குச் சொந்தமான புல்லட் மோட்டார் சைக்கிளின் கிளட்ச், உள்செயின், பின்செயின் ஆகியவை தத்தம் ஆசனங்களில் மீண்டும் எழுந்தருளும். நாலு மாதமும் பதினோரு நாளும் கோணியில் சுற்றிக் கிடந்த இப்பாகங்கள் ஒன்றுசேரும் இந்த வரலாற்றுச் சிறப்புமிக்க வைபவத்துக்கு, குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் உயர்திரு இராமகிருஷ்ணன் முன்னிலை வகிப்பார்.

அவரை யாரும் அழைக்கவில்லை. முன்னிலை வகிக்க அழைப்பு வேண்டும் என்று சங்கத்தின் சட்டதிட்டங்களில் எங்கும் இல்லை. சட்டதிட்டங்களை எழுதியவரும் அவர்தான்.

பாஸ்கல் பாடியில் ஒரு பல்சக்கரத் தொழிற்சாலையில் இறுதிப் பரிசோதகர். அந்தப் பதவியின் மகிமை வெளியாட்களுக்குப் புரியாது. நூற்றெழுபது பேர் மூன்று ஷிப்டில் வெட்டி, கடைந்து, தேய்த்து, சூடேற்றி எடுத்த ஒவ்வொரு சக்கரமும் கடைசியில் அவர் மேசைக்குத்தான் வந்து சேரும். அவர் வெர்னியரை வைத்து அளப்பார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். எதிரே நிற்பவனின் முகத்தை மட்டும் பார்க்க மாட்டார். மேசையின் இடப்பக்கம் சிவப்புப் பெயிண்ட் டப்பா, வலப்பக்கம் பச்சை. பச்சைப் புள்ளி விழுந்தால் லாரிக்குப் போகும். சிவப்புப் புள்ளி விழுந்தால் தொட்டிக்குப் போகும். பச்சை வைத்ததை அதற்குமேல் யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. ஜெனரல் மானேஜரே ஆனாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பார். பத்தொன்பது வருஷமாக அப்படித்தான்.

வீட்டிலும் இந்தக் கெத்து கொஞ்சம் இருந்தது. தோசையைத் தட்டில் போட்டுவிட்டு மனைவி செலின் கரண்டியோடு நிற்பாள். "இன்னா, பச்சையா செவப்பா? சீக்கிரம் புள்ளிய வைங்க, அடுப்புல இன்னொன்னு கீது" என்பாள். பாஸ்கல் ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டு, தலையை ஆட்டுவார். அது பச்சை.

டிசம்பர் பத்தொன்பதாம் தேதி செலின் செத்துப்போனாள். காய்ச்சல் என்று படுத்தாள், ஒன்பதாம் நாள் இல்லை. வந்தவர்கள் எல்லோரும் பாஸ்கல் அழுகிறாரா என்று பார்த்தார்கள். அவர் வாடகை நாற்காலிகள் போதுமா என்று எண்ணிக்கொண்டிருந்தார். ஐம்பது சொல்லியிருந்தார், நாற்பத்தெட்டுதான் வந்திருந்தது. அது அவருக்கு இன்னும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. மற்றது எதுவும் அவ்வளவாக இல்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் செலினின் தங்கை ஞானகுமாரி, எட்டு வயது ஜெயசீலியைத் தன்னோடு பூந்தமல்லிக்கு அழைத்துக்கொண்டு போனாள். ஞானகுமாரி அங்கே கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளியில் டீச்சர். தலைமைச் சிஸ்டர் மனமிரங்கி, டி.சி. இல்லாமலே மூன்றாம் வகுப்பில் ஒரு பெஞ்சின் ஓரத்தைக் கொடுத்தார், வருஷம் முடிகிற மட்டும்.

கிளம்பும்போது பாஸ்கல் மகளிடம் சொன்னார்: "வண்டிய ரெடி பண்ணிக்கினு நானே வந்து கூட்டிக்கினு வரேன்."

வண்டிக்கு அப்போது ஒன்றும் ஆகியிருக்கவில்லை. ஒரே உதையில் கிளம்பிக்கொண்டிருந்தது. சொன்ன வார்த்தை சொன்னதாயிற்று; இரண்டு நாள் கழித்து அவர் காதுக்கு இஞ்சினில் ஒரு சத்தம் கேட்டது. மெக்கானிக் நஜீரைக் கூப்பிட்டுக் காட்டினார். நஜீர் காதை வைத்துக் கேட்டான், திருப்புளியின் ஒரு முனையை இஞ்சினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்டான், தெருக்கோடி வரை ஓட்டிக்கொண்டு போயும் கேட்டான்.

"ஒன்னும் இல்லியே அண்ணாத்தே."

"கீது. பிரி."

பிரித்தார்கள். அந்த நாளிலிருந்து பாஸ்கல் காலையில் பஸ் பிடித்துப் பாடிக்குப் போவார், சாயங்காலம் பஸ் பிடித்துத் திரும்புவார், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வாசலில் கோணியை விரித்து உட்காருவார். துக்கம் கேட்க வருகிறவர்கள் அவர் கையெல்லாம் கிரீஸாக இருப்பதைப் பார்த்து, கையைப் பிடிக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, தோளைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதில் ஒரு வசதி இருந்தது.

இஞ்சின் பிப்ரவரி மாதமே சட்டத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது. பிஸ்டனுக்கும் வால்வுக்கும் பாஸ்கல் மளமளவென்று பச்சை வைத்ததற்குக் காரணம், அவை அவருடைய துறை அல்ல. ஆனால் இஞ்சினின் ஓட்டத்தைக் கிளட்ச்சுக்குக் கடத்தி, அங்கிருந்து கியர் பெட்டிக்கும் பின்சக்கரத்துக்கும் கொண்டுபோகும் சமாச்சாரம் முழுக்கப் பல்லும் சக்கரமும். அது அவருடைய ராஜ்ஜியம். ராஜ்ஜியத்தின் வாசலில் வண்டி நின்றுவிட்டது. மூன்று உள்செயின், இரண்டு கிளட்ச் டிரம், நாலு இஞ்சின் பல்சக்கரம் என்று நஜீர் தேடிப்பிடித்துக் கொண்டுவந்த அத்தனைக்கும் சிவப்புப் புள்ளி விழுந்தது. ஒன்றில் பல் தேய்மானம். ஒன்றில் நூலிழை கோணல். ஒன்றில் என்ன குறை என்று அவரும் சொல்லவில்லை, நஜீரும் கேட்கவில்லை. சிவப்பு விழுந்ததைக் கோணிப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுவான்.

நஜீருக்குக் கடை ஆவடியில், வீடு பூந்தமல்லியில். ஞானகுமாரி வீட்டிலிருந்து இரண்டு தெரு.

"நேத்து ஜெயசீலிய பாத்தேன் அண்ணாத்தே" என்றான் மே மாதத்தில் ஒருநாள். "வண்டி எந்த மட்டுல கீதுன்னு கேட்டுச்சு."

"நீ இன்னா சொன்ன?"

"கிளட்ச்சாண்ட கீதுன்னேன்."

"அது இன்னா சொல்லிச்சு?"

"போன மாசமும் கிளட்ச்சாண்டதான் கீதுன்ன மாமா, அப்டின்னிச்சு."

பாஸ்கல் வெர்னியரை எண்ணெய்த் துணியால் துடைத்து உறைக்குள் வைத்தார். அன்றைக்கு ஒரு செயினுக்குச் சிவப்பு.

பிறகு மே இருபத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை இராமகிருஷ்ணன் வீட்டு டெலிபோன் அடித்தது. தெருவில் இருந்த ஒரே டெலிபோன் அது. தலைவரின் தலைமைக்குப் பாதிக் காரணமும் அதுதான். பாஸ்கலுக்குப் போன் என்று ஆள் அனுப்பிவிட்டு, தான் பக்கத்திலேயே நின்று செய்தித்தாளைப் புரட்டினார், பக்கம் திரும்புகிற சத்தம் வராமல்.

"மாமா, நான் ஞானம் பேசறேன்" என்றது போன். "திங்கக்கெழம ஸ்கூல் தொறக்குது. சிஸ்டர் இனிமே டி.சி. இல்லாம முடியாதுன்னுட்டாங்க. ஞாயித்துக்கெழம சாயந்தரம் ஆறு மணிக்குள்ள வந்தீங்கன்னா புள்ளய அனுப்பிடறேன். இல்லாட்டி அங்க டி.சி.க்கு எழுதிக் குடுத்துடுங்க, இங்கியே சேத்துடறேன். ரெண்டுல ஒன்னு சொல்லுங்க மாமா. அது பெட்டிய கட்றதும் பிரிக்கறதுமா கீது. என்னால பாக்க முடில."

"ஆறு மணிக்குள்ள" என்றார் பாஸ்கல்.

"வருவீங்களா?"

"வண்டி ரெடியாய்டும்."

ஞானகுமாரி போனை வைத்துவிட்டாள். இராமகிருஷ்ணன் செய்தித்தாளை மடித்தார். "மிஸ்டர் பாஸ்கல், ஞாயிற்றுக்கிழமை காலை நான் வருகிறேன். இந்த மாதிரி காரியத்துக்கு மேற்பார்வை முக்கியம்" என்றார்.

ஆக, ஞாயிற்றுக்கிழமை. நஜீர் ஒன்பதுக்கு வந்து கோணிப்பையை இறக்கினான். உள்ளேயிருந்து ஒரு கிளட்ச் டிரம், ஒரு இஞ்சின் பல்சக்கரம், ஒரு செயின். மூன்றும் பளிச்சென்று இருந்தன. கிருஷ்ணாயில் வாசனை வாசலை நிறைத்தது.

"புதுப்பேட்டைல புச்சா வந்துகீது. கையோட தூக்கிகினு வந்துட்டேன்" என்றான்.

பாஸ்கல் டிரம்மை மடியில் வைத்துக்கொண்டார். வெர்னியரால் அளந்தார். ஒவ்வொரு பல்லாக விரலை ஓட்டிக்கொண்டு வந்தார். பாதிச் சுற்று போனதும் விரல் நின்றது. இரண்டு பல்லுக்கு நடுவே, பள்ளத்தின் அடியில், கடுகளவு சிவப்பு.

அது பிப்ரவரி மாதத்து டிரம். அவருடைய பெயிண்ட், அவருடைய புள்ளி. நஜீர் அதை இரவெல்லாம் கிருஷ்ணாயிலில் ஊறப்போட்டு, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவியும் பள்ளத்தில் ஒரு பொட்டு தங்கிவிட்டது. அப்படியென்றால் அந்தப் பல்சக்கரமும், அந்தச் செயினும். மடியில் இருப்பது எல்லாமே தான் கழித்துவிட்டவை என்று பாஸ்கலுக்குப் புரிந்தது. அன்றைக்கு என்ன குறை கண்டோம் என்று யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை. அளவு அன்றும் சரியாகத்தான் இருந்திருக்க வேண்டும். இரும்பு மூன்று மாதத்தில் தானாகத் திருந்திவிடாது.

கோபம் வர வேண்டிய இடம் இது என்று அவருக்குத் தெரிந்தது. தொழிற்சாலையில் ஒருவன் இப்படிச் செய்திருந்தால் ஷிப்டே நின்றிருக்கும். காத்திருந்தார். வரவில்லை. வேறு எதுவும் வரவில்லை. டிசம்பரிலிருந்து எல்லாமே அப்படித்தான். வர வேண்டியவற்றின் இடம் காலியாக இருந்தது, வாடகைக்கு விடாத வீடு மாதிரி.

நஜீர் மின்கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கையை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா அண்ணாத்தே," என்றான் காக்கையைப் பார்த்தபடியே, "செவப்பா?"

பெட்டிய கட்றதும் பிரிக்கறதுமா கீது.

பாஸ்கல் வலது பக்கம் கையை நீட்டினார். பச்சை டப்பாவில் குச்சியை முக்கி, அந்தச் சிவப்புப் பொட்டின் மேலேயே ஒரு புள்ளி வைத்தார். பல்சக்கரத்துக்கு ஒன்று. செயினுக்கு ஒன்று. நஜீர் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். அவர் வழக்கம்போல எதிரே இருப்பவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில் முன்னிலை வந்து சேர்ந்தது. வெள்ளை வேட்டி, கழுத்தில் கேமரா, ஒரு கையில் எலுமிச்சம்பழம், கக்கத்தில் தடியான இங்கிலீஷ் புத்தகம். பின்னால் அவர் மனைவி சுசீலா ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டுவிட்டு, உடனே திரும்பிப் போனார். அந்த அம்மாளுக்கு முன்னிலைகள் பழக்கம்.

"ஆரம்பிக்கலாம்" என்றார் இராமகிருஷ்ணன்.

உள்செயினுக்கு வெட்டும் கிடையாது, ஒட்டும் கிடையாது, முழு வளையம். அதனால் இஞ்சின் பக்கத்துப் பல்சக்கரத்தையும் கிளட்ச் டிரம்மையும் செயினை மாட்டியபடியே ஒரே நேரத்தில் இரண்டு தண்டுகளிலும் ஏற்ற வேண்டும். முதலில் ஒன்றை ஏற்றிவிட்டு மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பாஸ்கல் ஒரு சக்கரத்தையும் நஜீர் டிரம்மையும் பிடித்துக்கொண்டார்கள். செயின் நடுவில் தொங்கியது.

"உன்து முன்னாடி போது, இழு."

"நான் எங்க போனேன்? நீதான் அண்ணாத்தே நின்னுகினுகீற."

"மெதுவா தள்ளு."

"நிறுத்துங்கள்" என்றார் தலைவர், புத்தகத்தைப் பிரித்து. "இங்கே வேறு விதமாகப் போட்டிருக்கிறது. முதலில் பின்பக்கத்து இரண்டு பெரிய சக்கரங்களையும் ஜாக்கி வைத்துத் தூக்கச் சொல்கிறான்."

நஜீர் டிரம்மைத் தொடையால் தாங்கிக்கொண்டு எட்டிப் பார்த்தான். "சார், அது டிராக்டர் பொஸ்தகம்."

இராமகிருஷ்ணன் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அட்டையில் ஒருவர் சிரித்தபடி டிராக்டரில் உட்கார்ந்திருந்தார். "தத்துவம் ஒன்றுதான்" என்றார்.

தத்துவத்தைக் கேட்டுக்கொண்டே இரண்டு சக்கரங்களும் தண்டில் இறங்கின. உட்கார்ந்தபோது ஒரு சத்தம் வந்தது, சோற்றுப் பானையின் மூடி சரியாகப் பொருந்துகிற மாதிரி. நட்டுகளை முறுக்கினார்கள். கிளட்ச் தகடுகளை இரும்பு ஒன்று, கார்க் பதித்தது ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கினார்கள். பாஸ்கல் ஒவ்வொன்றையும் எடுத்துக் கொடுக்கும்போது பச்சை வைத்தார். எண்ணெயில் முங்கப்போகிற தகடு, ஒரு மணி நேரத்தில் புள்ளி அழிந்துவிடும். அதை நஜீர் சொல்லவில்லை. மூன்று ஸ்பிரிங்கையும் அழுத்தி ஏற்றி, எண்ணெய் ஊற்றி, மூடியை வைத்து, அந்தப் பெரிய மூடிக்கு இருக்கும் ஒரே ஒரு நட்டையும் இறுக்கியபோது மணி ஒன்று.

"நாலு மாசம்" என்றான் நஜீர், கையைத் துடைத்தபடி. "நாலு மணி நேரத்து வேல அண்ணாத்தே இது."

"பின்செயின் கீது."

"கீது. அத மாட்டிகினு இரு. நான் சோறு துன்னுட்டு அப்டியே பெட்ரோல் வாங்கிகினு வந்துடறேன். டேங்க்கு காஞ்சு கெடக்குது."

அவன் தலைவரின் சைக்கிளை, தலைவரைக் கேட்காமல், எடுத்துக்கொண்டு போனான்.

பின்செயின் என்பது கியர் பெட்டியிலிருந்து பின்சக்கரத்துக்குப் போவது. இதற்கு இணைப்பு உண்டு. இரண்டு முனைகளையும் சேர்த்து ஒரு கண்ணியைச் செருகி, அது கழன்றுவிடாமல் இருக்க மேலே ஒரு சின்னத் தகட்டைத் தள்ளிவிட வேண்டும். செயின் லாக் என்பார்கள். மீன் மாதிரி இருக்கும். தலைப்பக்கம் மூடியிருக்கும், வால் பிளந்திருக்கும். தலை முன்னே போக வேண்டும். வால் முன்னே போனால் ஓடுகிற ஓட்டத்தில் ஏதாவது தட்டிக் கழற்றிவிடும். தலை முன்னே: இது சைக்கிள் கடைக்காரன் முதல் இறுதிப் பரிசோதகர் வரை அனைவரும் அறிந்த சட்டம்.

பாஸ்கல் பின்சக்கரத்துக்கு மேலே, சீட்டுக்கு அடியில் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்தார்.

"ஒரு நிமிஷம்" என்றார் இராமகிருஷ்ணன். கேமரா கண்ணுக்குப் போயிருந்தது. "சங்கத்து ஆண்டு மலருக்கு ஒரு படம். உறுப்பினர்களின் தொழில்திறன் என்று போடலாம். ஆனால் அங்கே வைத்தால் சீட்டு நிழல் முகத்தில் விழுகிறது. சக்கரத்தை உருட்டி, இணைப்பைக் கீழே கொண்டுவாருங்கள். கையும் முகமும் சேர்ந்து விழ வேண்டும்."

பாஸ்கல் சக்கரத்தை உருட்டினார். இணைப்பு சுற்றிக்கொண்டு கீழ் வரிசைக்கு வந்தது. அவர் கோணியில் ஏறக்குறையப் படுத்தார். கண்ணியைச் செருகினார். லாக்கை எடுத்து, தலை வண்டியின் முன்பக்கம் பார்க்க வைத்து, குறடால் ஒரு தள்ளு. டக்கென்று உட்கார்ந்தது.

"புன்னகை" என்றார் தலைவர்.

பாஸ்கல் கேமராவைப் பார்த்தார். உதட்டை அதற்கு வேண்டிய அளவு விரித்தார். கேமரா கிளிக் என்றது. உதட்டைத் திருப்பி வைத்துக்கொண்டார். பிறகு பச்சைக் குச்சியை எடுத்து லாக்கின் மேல் ஒரு புள்ளி வைத்தார்.

அன்றைய தினம் பாஸ்கல் யார் துணையுமின்றித் தன் கையாலேயே மாட்டி, தானே பச்சை வைத்த பாகம் அது ஒன்றுதான். மற்றவனின் வேலையை அளப்பதற்குத்தான் தொழிற்சாலையில் பரிசோதகர். பரிசோதகரின் வேலையை யார் அளப்பது என்று எந்த விதியும் இல்லை, ஏனென்றால் பரிசோதகர் எந்த வேலையும் செய்வதில்லை. நஜீர் பெட்ரோலோடு திரும்பி வந்ததும் குனிந்து பின்செயினைத் தொடப்போனான். பச்சையைப் பார்த்தான். நாலு மாதத்துப் பழக்கம், கையை எடுத்துக்கொண்டான்.

மூன்றரை மணிக்கு முன்சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைக்கப்பட்டது. கத்தோலிக்கர் வண்டிக்கு, முஸ்லிம் மெக்கானிக் கையாலே, பிள்ளையார் கோயில் எலுமிச்சம்பழம் என்று இராமகிருஷ்ணன் ஒரு சிற்றுரை தொடங்கினார். தேச ஒற்றுமை வருவதற்குள் பாஸ்கல் உதைத்தார். முதல் உதையில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் இருமியது. மூன்றாவது உதையில் தெருவே அதிர்ந்தது. எதிர்வீட்டு முத்தம்மாள் காய்ந்த வடகத்தை எடுக்க வந்தவள் அப்படியே நின்று பார்த்தாள். தலைவரின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. ஒரு சொல்லும் கேட்கவில்லை. சிற்றுரைகளில் அதுவே சிறந்தது.

நஜீர் காதருகே வந்து கத்தினான். "அந்த சத்தம் கேக்குதா இப்ப?"

பாஸ்கல் தலையைச் சாய்த்துக் கேட்டார். "இல்ல."

"அப்ப போ."

அவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நாலேகாலுக்குக் கிளம்பினார். எலுமிச்சம்பழம் நசுங்கியது. ஆவடி மார்க்கெட்டைத் தாண்டி, பூந்தமல்லி சாலையில் திரும்பினார். வண்டி நன்றாக ஓடியது. காற்று முகத்தில் பட்டது. வழி நெடுக, போனதும் ஜெயசீலியிடம் முதலில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு போனார். பின்சீட்டில் அவளை உட்கார வைப்பதா, டேங்கின் மேலா? டேங்கின் மேல் உட்காரும் வயசு தாண்டிவிட்டது. பின்சீட்டு செலினுடையது. யோசனை அதற்கு மேல் போகவில்லை.

பருத்திப்பட்டு ஏரிக்கரை அருகே ஏதோ அறுந்த சத்தம். இஞ்சின் திடீரென்று ஊளையிட்டது. வண்டி மட்டும் சுமை இறக்கிய ஆள் மாதிரி சாவகாசமாக நின்றது. திரும்பிப் பார்த்தார். முப்பதடி தள்ளி, தார்ச்சாலையில், செத்த பாம்பு மாதிரி பின்செயின் கிடந்தது.

கைக்குட்டையால் பிடித்துத் தூக்கினார். சுட்டது. லாக்கைக் காணோம். அது இருந்த கண்ணியின் ஓரத்தில் கொஞ்சம் பச்சை ஈஷியிருந்தது.

சாலையோரத்தில் நின்று பார்த்தபோதுதான் விளங்கியது. செயின் மேலே முன்னோக்கி ஓடும். கீழே பின்னோக்கி ஓடும். தலை முன்னே என்பது மேல் வரிசைக்கான சட்டம். கீழே வைத்து அவர் வண்டியின் முன்பக்கம் பார்க்க மாட்டிய மீன், முழு வழியும் வாலை நீட்டிக்கொண்டே நீந்தி வந்திருக்கிறது. பத்தொன்பது வருஷத்தில் அவர் பச்சை வைத்து அனுப்பிய எதுவும் திரும்பி வந்ததில்லை. முதலாவது இதுதான். அதுவும் பாதி வழியில்.

எதிரே ஒரு டீக்கடை. அதை நடத்துகிற குப்பம்மா பாய்லர் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செயின் பூட்ச்சா?"

"ம்."

"லாக்கு கெடைக்காது. ஞாயித்துக்கெழம ஒரு கடையும் இல்ல. வண்டிய இப்டி ஓரங்கட்டு, நான் பாத்துக்கறேன். எங்க போவணும்?"

"பூந்தமல்லி."

"அவசரமா?"

"ஆறு மணிக்குள்ள."

வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய்க் கடையோரத்தில் நிறுத்தினார். செயினைச் சுருட்டி சீட்டில் வைத்தார். பிறகு வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றார். சாலையைப் பார்த்தார். ஒரு பஸ் வந்து நின்று, போயிற்று. வண்டியைப் பார்த்தார். டேங்கில் இருந்த தூசியை விரலால் துடைத்தார். இன்னொரு பஸ் வந்தது, ஆளை இறக்கியது, போயிற்று. வண்டி ரெடியானதும் வருகிறேன் என்றுதான் சொல்லியிருந்தார். வண்டி ரெடியாக இல்லை. ஆகவே இன்றைக்கும் ஒரு சிவப்பு வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். நாளை எழுதிக் கொடுத்துவிட்டால் ஞானகுமாரி பார்த்துக்கொள்வாள். அதில் தவறேதும் இருப்பதாக அவருக்குப் படவில்லை. சரியாக இருப்பதாகவும் படவில்லை.

"யோவ்" என்றாள் குப்பம்மா. "ரெண்டு பஸ்ஸ உட்டுட்ட. அவசரம்னு சொல்லிக்கினு இன்னாத்துக்கு அங்கியே நின்னுகினுகீற? வண்டி இன்னா அழுவுதா?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். நாலு மாதத்தில் எதிரே நிற்பவர் முகத்தை அவர் நேராகப் பார்த்தது அப்போதுதான். வேர்வை வழிந்த, எரிச்சல் பிடித்த, சாதாரண முகம். மூன்றாவது பஸ் வந்தபோது ஏறிக்கொண்டார்.

ஞானகுமாரி வீட்டு வாசலில் அவர் போய் நின்றபோது மணி ஐந்தரை. கதவு திறந்திருந்தது. ஞானகுமாரி உள்ளே யாரிடமோ பேசிக்கொண்டிருந்தவள் அவரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினாள். "வாங்க மாமா" என்றாள். தண்ணீர் எடுக்கப் போனாள். வாசற்படியில் ஜெயசீலி தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். பெட்டி கயிறு போட்டுக் கட்டியிருந்தது. கட்டியும் பிரித்தும் கயிற்றின் முனை பஞ்சாகப் பிரிந்திருந்தது. இரட்டைப் பின்னல். ஒரு பல் விழுந்து பாதி முளைத்திருந்தது. அது எப்போது விழுந்தது என்று அவருக்குத் தெரியாது.

அவள் அவரைத் தாண்டித் தெருவை எட்டிப் பார்த்தாள்.

"வண்டி எங்க நைனா?"

"பருத்திப்பட்டாண்ட நிக்கிது. செயின் கயண்டுகிச்சு."

"அப்ப நீ எதுல வந்த?"

"பஸ்ல."

ஜெயசீலி கயிற்று முனையை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

"பஸ்ல வந்தா கூட கூட்டிக்கினு போவியா?"

பாஸ்கல் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையே காலை ஐந்து மணியிலிருந்து இரவு பத்து மணி வரை கால் மணிக்கு ஒரு பஸ் ஓடுகிறது. ஜனவரியிலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.